நெற்களஞ்சியத்தின் சூட்டைத் தொலைவிலிருந்து அறிதல்

(கமக்காரர் அமைப்புகளின் களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதைப்பைப் பற்றியும் பசளையைப் பற்றியும் பீடைகளைப் பற்றியும் உங்களுடன் பேசுவதற்குப் பலர் வருகின்றனர். அறுவடை முடிந்து நெல் மூடையேறிய பின்னர் அதனைப் பற்றிப் பேசுவார் குறைவு. வயலில் நூறு நாட்களுக்கு மேலாகப் பாடுபட்டுப் பெற்ற விளைவு களஞ்சியத்துக்குள் மூன்று கிழமைகளிற் கெட்டுப் போகக் கூடும். அவ்வாறு கெடுவது கண்ணுக்குத் தெரியாமலே நடைபெறும். அடுக்கின் வெளிப்புறத்து மூடைகள் நன்றாக இருக்கும். நடு மூடைகளைப் பிரிக்கும்போதுதான் மஞ்சளித்த அரிசியும் பூஞ்சண நாற்றமும் வெளிப்படும். அப்பொழுது செய்வதற்கு அதிகம் இராது.

நெல் கெடப்போவதை முன்கூட்டியே அறிவிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. அதுவே சூடு. கொம்பறையில் நெல் வைத்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். குவியலுக்குள் இரும்புக் கம்பியொன்றைச் செருகிக் கால் மணி நேரம் விட்டு, பின் இழுத்தெடுத்து உள்ளங்கையாற் பிடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். கம்பியின் எந்த இடம் சுடுகின்றதோ அந்த ஆழத்திற் கோளாறு உண்டென்பது பொருள். இன்றைக்கும் இது நல்ல முறையே. இதனைக் கைவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் நாள்தோறும் கம்பி செருகிப் பார்ப்பவர் எத்தனை பேர்? களஞ்சியம் வீட்டிலிருந்து நாலைந்து மைல் தொலைவிலிருந்தால், மழைக்காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை போவதே அரிதாகின்றது. அந்தக் கம்பியைக் குவியலுக்குள்ளேயே நிரந்தரமாக விட்டுவைத்து, அது கூறுவதை நம் கையடக்கத் தொலைபேசிக்கு அனுப்பச் செய்யும் ஏற்பாட்டைப் பற்றியே இன்று பேசப்போகின்றேன்.

முதலில் நெல் ஏன் சூடேறுகின்றது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். நெல் உயிருள்ள பொருள். அது மூச்சுவிடுகின்றது. மூச்சுவிடும்போது தன்னுள்ளிருக்கும் மாப்பொருளை எரித்து, சூட்டையும் நீரையும் வெளிவிடுகின்றது. நெல்லில் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாதிருந்தால் இம்மூச்சு மிக மெதுவாக நடைபெறும். 17, 18 சதவீதமானால் நெல்லோடு பூஞ்சணமும் சேர்ந்து மூச்சுவிடத் தொடங்கும். ஒரு கிலோகிராம் மாப்பொருள் இவ்வாறு எரிந்தழிந்தால் ஏறத்தாழ 600 கிராம் நீர் உண்டாகின்றது. அந்நீர் பக்கத்திலுள்ள நெல்லை நனைக்கும். நனைந்த நெல் மேலும் விரைவாக மூச்சுவிடும். நோய் தானே தனக்கு உணவு தேடிக்கொள்ளும் விதம் இதுதான். வண்டும் அந்துப்பூச்சியும் கூடி வாழும் இடத்திலும் இதே கதை. 28 முதல் 34 பாகை செல்சியஸ் வரையான சூடு அவற்றுக்கு மிக உகந்தது. பூச்சிகளினால் மாத்திரம் எழும் சூடு 40 பாகையைச் சிறிது தாண்டியவுடன், அச்சூட்டைப் பொறுக்க மாட்டாமல் அவை புறத்தே நகர்ந்துவிடும். பூஞ்சணத்தினால் எழும் சூடோ 55, 60 பாகை வரையும் செல்லவல்லது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. நெல் சூட்டை எளிதிற் கடத்துவதில்லை. உமி மூடிய மணிகளும் அவற்றுக்கிடையே அடைபட்ட காற்றும் பஞ்சுத் தலையணைபோலச் சூட்டைத் தடுத்து நிற்கின்றன. ஆகையால் அடுக்கின் நடுவில் ஓரிடம் 45 பாகையில் வெந்துகொண்டிருக்கும்போது, ஒரு மீற்றர் தள்ளியுள்ள நெல் ஒன்றும் அறியாததுபோல 30 பாகையில் இருக்கக் கூடும். களஞ்சியச் சுவரிலே தொங்கும் வெப்பமானி காற்றின் சூட்டையே காட்டும். நெல்லின் நிலை அதற்குத் தெரியாது. எனவே அளக்கும் பொருள் நெல்லுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அதுவும் ஓரிடத்தில் மாத்திரமன்றிப் பல இடங்களிலும் இருத்தல் வேண்டும்.

இனி ஏற்பாட்டைப் பார்ப்போம். இதில் மூன்று உறுப்புகள் உண்டு. நெல்லுக்குள் வைக்கப்படும் வெப்ப உணரிகள். அவற்றிலிருந்து வெளியே வரும் வடம். வடத்தின் முடிவிலே, கணக்கெடுத்துச் செய்தி அனுப்பும் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சிறு கணினிச் சில்லும், சிம் அட்டை பொருத்திய மோடமும், மின்கலமும் இருக்கும். உங்கள் தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு பேசுகின்றதோ அதே கோபுரத்தோடு இந்தப் பெட்டியும் பேசும்.

கம்பியில்லாத உணரிகளும் கடைகளில் உள்ளனவே, கம்பி எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஈரம் பொதிந்த நெற்குவியல் வானொலி அலைகளை உறிஞ்சிவிடுகின்றது. தகரக் கூரையும் இரும்புக் கதவும் மிச்சத்தைத் தடுத்துவிடுகின்றன. அன்றியும் கம்பியில்லாத உணரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்கலம் வேண்டும். அடுக்கின் நடு மூடையில் உள்ள உணரியின் மின்கலம் தீர்ந்தால் அடுக்கையே பிரிக்க நேரிடும். ஆகவே நெல்லுக்குள்ளே கம்பி, நெல்லுக்கு வெளியே அலை என்று பிரித்துக்கொள்வதே தக்கது. இவ்வகைக் கடினமான இடங்களிற் கம்பி இன்னமும் தோற்றுப்போகவில்லை என்பது என் கருத்து.

உணரிகளிற் பல வகை உண்டு. சூளைகளிலும் பெரிய உலர்த்திகளின் நெருப்பு அறைகளிலும் வெப்பவிணை எனப்படும் இரு உலோகக் கம்பிச் சோடி பயன்படுகின்றது. அது நூற்றுக்கணக்கான பாகைச் சூட்டைத் தாங்கும். ஆயின் தரும் மின்னழுத்தம் மிக நுண்ணியது. பிளாத்தினக் கம்பியாலான உணரி பூச்சியம் பாகையில் 100 ஓம் தடையும், நூறு பாகையில் 138.5 ஓம் தடையும் காட்டும். மிகவும் நம்பத்தக்கது, ஆனால் வடத்தின் தடையையும் அது தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளும். வடத்தில் ஒரு ஓம் கூடினால் ஏறத்தாழ இரண்டரைப் பாகை பொய் கூறும். இதனைத் தவிர்க்க மூன்று அல்லது நான்கு கம்பி வடம் இட வேண்டும். குறைந்த விலையிற் கிடைக்கும் வெப்பத்தடையியும் உண்டு.

களஞ்சியத்துக்கு இன்று அதிகம் பயன்படுவது, அளவை இலக்கமாகவே அனுப்பும் சிறிய உணரியாகும். டி.எஸ். 18பி20 என்னும் பெயரால் அது கடைகளில் வழங்குகின்றது. துருவேறா உருக்குக் குப்பிக்குள் அடைத்து வடத்தோடு சேர்த்தே விற்கின்றனர். கழித்தல் 55 முதல் 125 பாகை வரை அளக்கும். நமக்கு வேண்டிய எல்லைக்குள் அரைப் பாகைக்கு மேல் தவறாது. இதன் பெரிய நன்மை யாதெனில், ஒவ்வோர் உணரிக்கும் பிறப்பிலேயே தனி இலக்கமொன்று பொறிக்கப்பட்டிருப்பதாகும். ஆகையால் மூன்று கம்பிகள் கொண்ட ஒரே வடத்திலே பத்துப் பன்னிரண்டு உணரிகளை மாலைபோலக் கோத்துவிடலாம். வடத்தை ஒரே நேர்கோட்டில் இழுத்து, 30 மீற்றர் அளவுக்குள் நிறுத்திக்கொண்டால் தொல்லை குறைவு. மரக்கிளைபோலப் பல திசைகளிற் பிரித்து இழுத்தால் சில உணரிகள் பேசாமற் போகும். எந்த உணரி எந்த மூடையில் உள்ளதென்று கொப்பியொன்றில் வரைந்து வையுங்கள். வரைபடம் இல்லாவிட்டால் "ஏழாம் உணரி 39 பாகை" என்ற செய்தி வந்தும் பயனில்லை.

இவ்வுணரியின் போலிகள் சந்தையிற் மலிந்துள்ளன. ஆதலால் வாங்கியவுடன் சோதித்தல் வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியைச் சுடுநீர்ப் போத்தலில் இட்டு, சிறிது நீர் சேர்த்துக் கலக்கி, எல்லா உணரிகளையும் அதனுள் அமிழ்த்திப் பத்து நிமிடம் வையுங்கள். யாவும் பூச்சியத்தையோ அதற்கு அரைப் பாகை இப்பால் அப்பாலோ காட்டுதல் வேண்டும். ஒன்று மாத்திரம் இரண்டு பாகை காட்டினால் அதனை ஒதுக்கிவிடுங்கள். கொதிநீரிற் சோதிக்க வேண்டாம். பல வடங்களின் உறை அச்சூட்டைத் தாங்காது. அன்றியும் நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதைக் கண்டு உணரியைக் குறைகூறக் கூடாது.

இரண்டு பொய் எண்களையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். இவ்வுணரிக்கு மின் சரியாகச் சென்றடையாதபோது அது 85 பாகை என்று கூறும். களஞ்சியம் தீப்பிடித்துவிட்டதென்று ஓட வேண்டாம், இணைப்பைப் பாருங்கள். வடம் அறுந்துவிட்டால் பல கருவிகள் கழித்தல் 127 என்று காட்டும். இவ்விரு எண்களையும் சூட்டு எச்சரிக்கையாகக் கொள்ளாமல், பழுது அறிவித்தலாக அனுப்பும்படி பெட்டி அமைப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி நல்லதாயினும் அது வாழும் இடம் கொடியது. இதுவே நான் சற்று விரிவாகப் பேச விரும்பும் பகுதி. மேசைமேல் வைத்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடிய கருவி களஞ்சியத்தில் மூன்று மாதத்துக்குள் ஓய்ந்துபோவதற்கு நான்கு எதிரிகள் உண்டு.

முதலெதிரி ஈரம். மழைநீர் வடத்தின் மேலாக வழிந்து பெட்டிக்குள் புகும். வடத்தைப் பெட்டியின் மேற்புறத்தால் நுழைக்கக் கூடாது; அடிப்புறத்தாலேயே நுழைக்க வேண்டும். நுழையுமுன் அது ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேறினால், நீர் அவ்வளைவிற் சொட்டிவிடும். உறையில் எங்கேனும் கீறல் இருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல வடம் தன் உள்ளேயே நீரை இழுத்துச் செல்லும். நடுவழியில் முடிச்சுப்போட்டு நாடா சுற்றிய இணைப்புகள் இதற்கு வாசல் திறந்து வைப்பவை. இணைப்புத் தவிர்க்க முடியாததாயின், பசை கொண்ட சுருங்கு குழாயால் மூடுங்கள். பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமொன்றை இட்டு, போகத்துக்கொரு முறை மாற்றுங்கள்.

இரண்டாவது எதிரி எலி. இதனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும்; எலி இருக்கும் இடத்தில் மெல்லிய வடம் நிலைக்காது. மூடைக்கு வெளியே வரும் வடம் முழுவதையும் இரும்புக் குழாய்க்குள் விட வேண்டும். பிளாத்திக்குக் குழாயை எலி அரித்துவிடும்.

மூன்றாவது எதிரியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பூச்சிகளைக் கொல்லக் களஞ்சியங்களிற் பொஸ்பீன் வாயு ஏற்றப்படுகின்றது. அலுமினியம் பொஸ்பைட்டு வில்லைகளிலிருந்து எழும் இவ்வாயு செம்பையும் பித்தளையையும் வெள்ளியையும் அரிக்கும்; ஈரமான காற்றில் இன்னும் விரைவாக அரிக்கும். திறந்து கிடக்கும் செம்புக் கம்பி முனையும் மோடத்தின் நுண்ணிய இணைப்புகளும் கறுத்துப்போய்ச் செயலற்றுவிடும். ஆகையாற் பெட்டியை ஒருபோதும் களஞ்சியத்துக்குள் வைக்கலாகாது. வெளிச்சுவரிலேயே பொருத்த வேண்டும். உள்ளே செல்லும் வடம் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியினாலானதாகவும், முனைகள் முற்றாக அடைக்கப்பட்டதாகவும் இருத்தல் நன்று. வடம் சுவரைத் துளைத்துச் செல்லும் துவாரத்தையும் வாயு கசியாதவாறு அடைத்தல் வேண்டும். இவ்வாயு மனிதரையும் கொல்வது. அதனைப் பயிற்சி பெற்றவர் மாத்திரமே ஏற்ற வேண்டும். உணரி சரியாக இருக்கின்றதா என்று பார்ப்பதற்காக வாயு ஏற்றிய களஞ்சியத்துக்குள் எவரும் நுழையக் கூடாது. வெளியே நின்றபடி உள்ளே நடப்பதை அறிய முடிவது இந்நாட்களிலே உங்களுக்குக் கிடைக்கும் தனி நன்மையாகும்.

நான்காவது எதிரி மின்னல். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் வேளைகளில் நம் நாட்டில் இடி முழக்கம் மிகுதி. நீண்ட கம்பி எதுவும், அருகில் மின்னல் விழும்போது, தானே ஒரு மின்னழுத்தத்தைப் பெற்றுவிடும். மின்னல் நேரே கம்பியில் விழ வேண்டியதில்லை. வடத்தை ஆகாயவழியாகத் தொங்கவிடாமல் சுவரோடு அல்லது நிலத்தினுள் குழாயிற் கொண்டு செல்லுங்கள். கவச வடமாயின் அதன் கவசத்தை ஒரு முனையில் மாத்திரம் புவித்தொடுப்புச் செய்யுங்கள். பெட்டியின் வாயிலில் மின்னற் காப்பு உறுப்பொன்றைப் பொருத்துவது சிறு செலவு. நேரடியாக விழும் மின்னலை இவை எதுவும் தடுக்கமாட்டா என்பதையும் அறிந்திருங்கள்.

பெட்டியின் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோடம் சும்மா இருக்கும்போது மிகச் சிறிதளவு மின்னையே பருகும். செய்தி அனுப்பும் அந்தக் கணத்திலோ, பழைய வகை மோடம் 2 அம்பியர் வரை இழுக்கும். மின்கலம் தளர்ந்திருந்தால் அக்கணத்தில் மின்னழுத்தம் விழுந்து பெட்டி அணைந்துபோகும். பின்னர் தானே எழும். மீண்டும் அனுப்ப முயன்று மீண்டும் அணையும். பெட்டியின் விளக்கு எரிகின்றது, செய்தி மாத்திரம் வருவதில்லை என்று முறைப்பாடு வரும் இடங்களில் முதலிற் பார்க்க வேண்டியது இதனையே. ஈய அமில மின்கலத்தின் ஆயுள், 25 பாகைக்கு மேற் பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆகையால் தகரக் கூரையின் அடியிலும் மேற்கு வெயிலிலும் பெட்டியைப் பொருத்தாதீர்கள். வடக்குச் சுவரின் நிழலும், சிறு சூரிய மின்தகடும் போதும். அலைவாங்கியை மாத்திரம் கூரைக்கு மேலே உயர்த்துங்கள்.

சிம் அட்டை வாங்குமுன், பெட்டி பொருத்தும் அதே இடத்தில் நின்று இரண்டு மூன்று நிறுவனங்களின் தொலைபேசிகளைப் பிடித்துப் பாருங்கள். எந்த அலை வலிதோ அதையே தெரிந்தெடுங்கள். மோடம் எந்தத் தலைமுறை அலையிற் பேசுகின்றதென்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். சிங்கப்பூர் 2017இல் இரண்டாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியது. அவுஸ்திரேலியா 2024இல் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியது. அந்நாடுகளில் அவ்வலைகளை மாத்திரம் அறிந்த கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. விலை மலிவாகக் கிடைக்கும் பழைய மோடத்தை வாங்குவதிலும், நான்காம் தலைமுறையிலும் பேசவல்ல ஒன்றை வாங்குவது நல்லது.

செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் செய்வதே நமக்கு ஏற்றது. அலை மெலிந்த இடத்திலும் அது ஒருவாறு போய்ச் சேரும். பெறுபவரின் தொலைபேசி அணைந்திருந்தால் வலையமைப்பு அதனைச் சிறிது காலம் வைத்திருந்து கொடுக்கும். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகளே கொள்ளும். அதைத் தாண்டினால் இரு செய்திக் கட்டணம். "அடுக்கு 2, நடு, 38.5, ஏறுகிறது" என்பது போன்ற சுருக்கமே போதுமானது.

கமக்காரர்களே, இனி நான் கூறுவதைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். சூடேறினால் மாத்திரம் செய்தி அனுப்பும்படி பெட்டியை அமைப்பது பெரும் பிழை. செய்தி வராதிருந்தால் நெல் நலமாக இருக்கின்றதென்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். மின்கலம் செத்திருக்கலாம், எலி வடத்தைத் தின்றிருக்கலாம், எல்லாவற்றிலும் அதிகமாக, சிம் அட்டையிற் காசு தீர்ந்திருக்கலாம். ஆகையால் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, நலமாயினும் அல்லாவிடினும், பெட்டி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதில் எல்லா உணரிகளிலும் மிகக் கூடிய சூடு, மிகக் குறைந்த சூடு, மின்கலத்தின் வோல்ற்று ஆகிய மூன்றும் இருந்தாற் போதும். காலைச் செய்தி வராத நாளிற் களஞ்சியத்துக்கு ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அமைப்பின் கூட்டத்திற் பெயர் குறித்துத் தீர்மானித்துவிடுங்கள். எல்லோருக்கும் உரிய பொறுப்பு எவருக்கும் உரியதன்று. செய்தி மூன்று தொலைபேசிகளுக்காவது போகட்டும்.

எத்தனை பாகையில் அஞ்ச வேண்டும் என்பது அடுத்த கேள்வி. உலர்வலயத்திலே கோடையில் நெல் 32, 33 பாகையில் இருப்பது இயல்பே. எனவே ஒரே எண்ணை எல்லைக்கோடாகக் கொண்டால் பொய்யெச்சரிக்கைகளாற் சலிப்படைவீர்கள். சலித்தவர் மெய்யெச்சரிக்கையையும் பாராதுவிடுவார். ஓர் உணரி தன் அயலிலுள்ளவற்றைவிட மூன்று பாகை கூடியிருக்கின்றதா, ஒரு கிழமைக்குள் விடாது ஏறிவருகின்றதா என்று பாருங்கள். எல்லா உணரிகளும் சேர்ந்து ஏறினால் அது வெயிலின் வேலை. ஒன்று மாத்திரம் ஏறினால் அது நெல்லின் வேலை. இரவில் வெளிக்காற்றுக் குளிர்ந்த பின்னும் அது இறங்காதிருந்தால் ஐயமே இல்லை.

எச்சரிக்கை வந்தவுடன் அந்த இடத்தைப் பழைய இரும்புக் கம்பியாலும் ஒரு முறை சோதியுங்கள். சூடு மெய்யாயின் அப்பகுதி மூடைகளை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். கூரை ஒழுகியதா, அடியில் மரச்சட்டம் இல்லாமல் நிலத்து ஈரம் ஏறியதா, காயாத நெல் கலந்ததா என்று காரணம் தேடுங்கள். எடுத்த நெல்லை இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் தடிப்பிற் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறி உலர்த்துங்கள். 18 சதவீத ஈரமுள்ள ஆயிரம் கிலோகிராம் நெல்லை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 46 கிலோகிராம் நீர் ஆவியாக வேண்டும். ஒரு நாள் வெயிலில் அது முடிந்துவிடுமென்று அவசரப்பட்டுத் திரும்ப அடுக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்து நாற்றம் எழுந்த நெல்லை நல்ல நெல்லோடு கலந்து விற்க நினைப்பதும் தகாது, உண்பவருக்குத் தீங்கு.

விதைநெல் வைத்திருப்போர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். உண்ணும் நெல் சிறிது சூடுபட்டால் விலை குறையும். விதைநெல் சூடுபட்டால் முளையே போய்விடும். ஈரப்பதன் ஒரு சதவீதம் குறையுந்தோறும், அல்லது சூடு ஐந்து பாகையளவு குறையுந்தோறும், விதையின் ஆயுள் இருமடங்காகும் என்பது விதை நூலாரின் அண்ணளவான விதி. உலர்த்தும்போதும் விதைநெல்லின் சூடு 43 பாகையைத் தாண்டக் கூடாது. உலர்த்தும் தளத்திலே ஓர் உணரியை நெல்லுக்குள் புதைத்து வைத்தால், நண்பகலில் எப்போது படங்கு போர்த்த வேண்டுமென்பதை அதுவே சொல்லும்.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. அவர்களின் துன்பம் சூடன்று, குளிர். தை, மாசி மாதங்களிலே நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல முதலிய இடங்களில், வானம் தெளிந்து காற்று அசையாதிருக்கும் இரவுகளில், நிலம் தன் சூட்டை ஆகாயத்துக்கு இழந்துவிடுகின்றது. வானிலை அறிவித்தல்களில் துகள் உறைபனி என நீங்கள் கேட்பது அத்தகைய விடியற்காலத்தையே. ஆளுயரத்திலுள்ள வெப்பமானி மூன்று, நான்கு பாகை காட்டும்போதே இலையின் மேல் பனி உறைந்துவிடும். இலை காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதே காரணம். எனவே இங்கு உணரியைக் கம்பத்திற் கட்டாதீர்கள். உருளைக்கிழங்குச் செடியின் இலை மட்டத்திலேயே, வானத்தைப் பார்த்தபடி மூடாமல் வையுங்கள். குளிர்ந்த காற்று பாரமானது. நீரைப்போலச் சரிவு வழியே வழிந்து பள்ளத்திற் தேங்கும். தோட்டத்தின் மிகப் பள்ளமான பாத்தியில் ஓர் உணரி கட்டாயம் வேண்டும்.

உருளைக்கிழங்கின் இலை பூச்சியத்துக்குக் கீழே ஓரிரு பாகையிற் கருகும். பூச்சியம் வந்தபின் எழுப்பினால் நேரம் போதாது. இலைமட்ட உணரி மூன்று பாகைக்கு இறங்கியதும் தொலைபேசி ஒலிக்க வேண்டும். அது பெரும்பாலும் விடியற்காலம் மூன்று, நான்கு மணியாக இருக்கும். நீர் தெளிப்பான் வைத்திருப்போர் அப்போதே தொடங்க வேண்டும். நீர் உறையும்போது வெளிவிடும் சூடே இலையைக் காக்கின்றது. ஆனால் ஆவியாகும் நீர், உறையும் நீர் கொடுப்பதைப் போல ஏழு மடங்குக்கு மேற்பட்ட சூட்டை இலையிலிருந்து பறித்துச் செல்லும். ஆகையால் தொடங்கியபின் இடையில் நிறுத்தினால், தெளிக்காத தோட்டத்தைவிடத் தெளித்த தோட்டமே அதிகம் கருகும். ஞாயிறு எழுந்து பனிக்கட்டி உருகி விழும்வரை நீர் ஓட வேண்டும். அதுவரைக்கும் நீரும் எண்ணெயும் கையிருப்பில் இல்லாதவர் தெளிப்பைத் தொடங்காமல் வைக்கோலாலோ படங்காலோ பயிரை மூடிவிடுவது மேல். உணரி இங்கு ஒரு மணிக்கொரு முறை அளந்தாற் போதாது. நள்ளிரவுக்குப் பின் பத்து நிமிடத்துக்கொரு முறை அளக்கும்படி அமைக்க வேண்டும்.

கடைசியாகக் களஞ்சியத்துக்கே திரும்பி, வேலையின் காலத்தைக் கூறி முடிக்கின்றேன். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வந்து சேரும். மூடைகள் அடுக்கி முடிந்தபின் நடுவில் உணரி வைக்க எவராலும் இயலாது. தை மாதத்திலேயே பெட்டியைச் சுவரிற் பொருத்தி, காலைச் செய்தி ஒரு கிழமை தவறாது வருகின்றதா என்று பார்த்துவிடுங்கள். பின்னர் மூடைகள் அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்கிலும் தரையிலிருந்து இரண்டாம் வரிசை, நடு வரிசை, மேலிருந்து இரண்டாம் வரிசை ஆகிய மூன்று மட்டங்களிலும் ஒவ்வொரு மூடையைத் தெரிந்து, உணரியை மூடையின் வாய்வழியே நெல்லின் நடுவிற் செருகி, வாயைத் தைத்து, மூடையில் சிவப்பு மையால் உணரியின் இலக்கத்தை எழுதுங்கள். மழைக்காற்று மோதும் சுவரை அடுத்த அடுக்குக்கு ஓர் உணரி கூடுதலாக இருக்கட்டும். நெல்லை விற்று மூடை ஏற்றும் நாளில், கூலியாட்கள் வடத்தோடு மூடையை இழுத்துவிடாமல், சிவப்பு மை தெரிந்தவுடன் வாயைப் பிரித்து உணரியை எடுக்கும்படி முன்னரே சொல்லி வையுங்கள்.